முதல் கான்ஃபரன்ஸ் போஸ்டர்: எதை அனுப்புவது, எதை ஒட்டுவது?

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் லேபுக்கு எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வர ஆரம்பிப்பார்கள். "அக்கா, கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பச் சொல்றாங்க. ரிசல்ட் பாதிதான் வந்திருக்கு. இப்பவே அனுப்பட்டுமா, அடுத்ததுக்குப் பாத்துக்கட்டுமா?" அனுப்பி, ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்ததும் அடுத்த சுற்றுக் கேள்விகள் வரும். போஸ்டரை எப்படி அமைப்பது, எந்த மென்பொருளில் செய்வது, பேப்பரில் அடிப்பதா ஃப்ளெக்ஸில் அடிப்பதா.

அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால், ஒரே ஒரு ப்ராஜெக்டைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். இலைச் சாற்றால் வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்து, அவற்றை வினையூக்கியாகப் போட்டு, சோடியம் போரோஹைட்ரைடால் 4-நைட்ரோபீனாலை 4-அமினோபீனாலாக ஒடுக்குவது. கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் யூவி கருவி ஒன்று இருந்தால் செய்துவிடலாம் என்பதால் நம் கல்லூரிகளில் அடிக்கடி பார்க்கிற ப்ராஜெக்ட் இது. நானும் இதில்தான் தொடங்கினேன்.

முதலில் வாய்மொழியா, போஸ்டரா என்ற கேள்வி. விண்ணப்பப் படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் இருக்கும். எம்.எஸ்சி. மாணவர் என்றால் யோசிக்காமல் போஸ்டரை டிக் செய்யுங்கள். வாய்மொழியில் பத்து நிமிடம் பேசினால் கேள்விக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அதுவும் முந்தைய பேச்சாளர் நேரத்தைத் தாண்டிவிட்டால் போய்விடும். போஸ்டருக்கு முன்னால் நிற்கும்போது அதே கதையை இருபது பேருக்குச் சொல்வீர்கள். ஏழாவது முறை சொல்லும்போதுதான் உங்கள் வேலையில் எது முக்கியம் என்று உங்களுக்கே தெரியவரும். போஸ்டர் அமர்வு அப்படியொன்றும் பழைய வழக்கமும் இல்லை. 1969இல் மாட்ரிட்டில் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு மாநாட்டைத்தான் அதன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அதை மேடை கிடைக்காதவர்களுக்கான இடமாக நினைக்காதீர்கள்.

போகப் பணமில்லை, லீவு இல்லை என்றால் இணைய வழியும் உண்டு. பிரிட்டனின் ராயல் வேதியியல் சங்கம் 2015இல் ட்விட்டரிலேயே 24 மணி நேரப் போஸ்டர் கான்ஃபரன்ஸைத் தொடங்கியது. நல்ல வழிதான். ஆனால் இரண்டில் ஒன்று என்று வந்தால் நேரில் போவதையே சொல்வேன். திரையில் படத்தைத் தள்ளிவிட்டுப் போகிறவரை "சார், ஒரு நிமிஷம்" என்று நிறுத்த முடியாது.

சுருக்கம் (அப்ஸ்ட்ராக்ட்): அகலமாகவா, சின்னதாகவா?

எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. போஸ்டரை முந்தின வாரம்கூட மாற்றலாம். சுருக்கத்தை மாற்ற முடியாது. சில மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிடுகிறோம், அது புத்தகத்தில் அச்சாகிவிடும். அப்போது கையில் இருப்பது பாதி முடிவு. அதை வைத்துக்கொண்டு மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கலாம்.

முதல் வழி, எதற்கும் பொருந்துகிற மாதிரி அகலமாக எழுதுவது. இப்படி இருக்கும்:

"நானோ தொழில்நுட்பம் இன்று மருத்துவம், சுற்றுச்சூழல், மின்னணுவியல் எனப் பல துறைகளில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இந்த ஆய்வில் பசுமை முறையில் வெள்ளி நானோ துகள்கள் தயாரிக்கப்பட்டு யூவி, எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர், எஸ்இஎம் ஆகிய முறைகளால் ஆராயப்பட்டன. துகள்கள் சிறந்த வினையூக்கத் திறன் காட்டின. முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும்."

இது தப்பாகப் போக வாய்ப்பே இல்லை. அதனாலேயே யாருக்கும் பயன்படாது. ஆளையும் இலையையும் மாற்றினால் இன்னொரு கல்லூரியின் சுருக்கமாகிவிடும். சுருக்கப் புத்தகத்தைப் புரட்டி, எந்தப் போஸ்டரைப் பார்க்கலாம் என்று பென்சிலால் குறிக்கிற பேராசிரியர் இதைத் தாண்டிப் போய்விடுவார்.

இரண்டாவது வழி, உறுதியாகத் தெரிந்த அளவை மட்டும் எண்ணோடு எழுதுவது. அதே ப்ராஜெக்ட், மாதிரிக்கான எண்களோடு:

"இலைச் சாற்றால் தயாரித்த வெள்ளி நானோ துகள்கள் முன்னிலையில், அதிக அளவு சோடியம் போரோஹைட்ரைடு கொண்டு 4-நைட்ரோபீனால் ஒடுக்கப்படுவதை 400 நானோமீட்டர் அலைநீளத்தில் பின்தொடர்ந்தோம். துகள்கள் இல்லாதபோது 1 மணி நேரத்துக்குப் பின்னும் உறிஞ்சல் குறையவில்லை. துகள்களைச் சேர்த்தபோது போலி முதல் வகை வேக மாறிலி நொடிக்கு 0.0065, வினை தொடங்கியபின் 6 நிமிடத்தில் 90 சதவீதம் மாறியது. தொடங்குவதற்கு முன் சுமார் 40 நொடி தாமதம் தெரிகிறது. சாற்றின் அளவு கூடினால் தாமதமும் நீள்கிறது. துகளின் மேல் படிந்த சாற்றுப் பொருள்கள்தான் காரணமா என்று சோதித்து வருகிறோம்."

எக்ஸ்ஆர்டி போய்விட்டது, மருத்துவமும் மின்னணுவியலும் போய்விட்டன. அந்த 40 நொடித் தாமதம் வந்திருக்கிறது. இந்த வினையைச் செய்து பார்த்த யாரும் அதில் நின்று படிப்பார்கள். ஏனென்றால் அந்தத் தாமதத்துக்குக் காரணம் துகளின் மேற்பரப்பு மாறுவதா, கரைசலில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனா என்று ஆய்வாளர்களிடையே வாதம் நடந்திருக்கிறது. முடியாத வேலையை முடிந்ததாகச் சொல்லாமல், "சோதித்து வருகிறோம்" என்று நேராகச் சொன்னதிலும் குறைவு ஒன்றும் இல்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. "இதுவரை வெளியானவற்றிலேயே அதிக வேகம்" என்று எழுதும் ஆசை வரும். எழுதாதீர்கள். வினையின் வேகத்தைச் சொல்லும் இந்த வேக மாறிலி, எவ்வளவு வினையூக்கி போட்டோம், அதன் மேற்பரப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். இரண்டு மடங்கு துகள் போட்டால் எண்ணும் கூடும். எவ்வளவு துகள் போட்டோம் என்பதால் வகுக்காமல் நாலு பேருடைய எண்களை ஓர் அட்டவணையில் அடுக்குவது ஒப்பீடு ஆகாது. நடுவர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

மூன்றாவது வழி, இந்த முறை அனுப்பாமல் விடுவது. ஒரே ஒரு முறை செய்த சோதனையை மட்டும் வைத்திருந்தால் இதுதான் சரி. என் கதையைச் சொல்கிறேன். அந்தத் துகள்களை மையவிலக்கில் சுற்றி எடுத்து மறுபடி பயன்படுத்திப் பார்த்தோம். ஒரு தடவை செய்ததில் ஐந்து சுற்றுவரை வேலை செய்தது. கடைசித் தேதி அன்று இரவு, "5 முறை மறுபயன்பாடு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு மூன்று தடவை திரும்பச் செய்தபோது மூன்றாவது சுற்றிலேயே வேகம் பாதியாகிவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் கறுப்பாகப் படிந்தன. போஸ்டரில் உண்மையைப் போட்டேன். புத்தகத்தில் பழையது இருந்தது. நடுவராக வந்த ஒரு மூத்த பேராசிரியர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, புக்ல அஞ்சுன்னு இருக்கு, இங்க ரெண்டுன்னு இருக்கு. எதை நம்புறது?" என்று கேட்டார். போஸ்டரை நம்புங்க சார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. போரோஹைட்ரைடு போட்டதும் கரைசலில் அயனிகள் கூடும், அதில் கூழ்மத் துகள்கள் சேர்வது இயல்புதான் என்று பத்து நிமிடம் விளக்கினார். அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெரிய வரவு. ஆனாலும் அந்தப் புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே அந்த 5 இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே என் தேர்வு இரண்டாவது வழி. குறைந்தது மூன்று முறை திரும்ப வந்த முடிவு ஒன்றே ஒன்று இருந்தால் போதும். அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். இன்னும் வராத முடிவை நம்பி ஒரு வரிகூட வேண்டாம். அனுப்புவதற்கு முன் கைடு, கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் படித்திருக்க வேண்டும். பெயர் வரிசையையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

நீளம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சில இடங்களில் வார்த்தைக் கணக்கு, சில இடங்களில் எழுத்துக் கணக்கு. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டங்களில் 2,500 எழுத்துகள் வரை என்பது வழக்கம். இடைவெளியும் எழுத்தாக எண்ணப்படும் என்பதை வைத்துக்கொண்டே எழுதுங்கள். வினைப் படம் ஒன்று சேர்க்கலாம் என்று இருந்தால் தவறாமல் சேருங்கள். வேதியியல்காரரின் கண் எழுத்துக்கு முன்னால் கட்டமைப்புப் படத்துக்குத்தான் போகும்.

மூன்று பத்தியா, ஒரே வாக்கியமா?

போஸ்டரில் நமக்குப் பழகியது பத்தி அமைப்பு. இடது பக்கம் முன்னுரை, நோக்கம், செய்முறை; நடுவில் முடிவுகள்; வலது பக்கம் முடிவுரை, நன்றி. 2019இல் மைக் மாரிசன் என்பவர் இதை மாற்றச் சொல்லி ஒரு வீடியோ வெளியிட்டார். அப்போது அவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவர். போஸ்டரின் நடுவில், எளிய மொழியில், முக்கியக் கண்டுபிடிப்பை ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் போடு. இடது ஓரத்தில் சுருக்கமான விவரம். வலது ஓரத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்கான வரைபடங்கள். கீழே ஒரு க்யூஆர் கோடு. அவ்வளவுதான் அவர் சொன்னது. நடந்துபோகிறவர் பத்து அடி தூரத்திலேயே விஷயத்தை வாங்கிக்கொண்டு போகலாம்.

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள இரண்டு தடைகள் இருக்கின்றன.

ஒன்று, நம் ஊர் கான்ஃபரன்ஸ்களில் போஸ்டருக்குப் பெரும்பாலும் பரிசு உண்டு. நடுவர்கள் கையில் மதிப்பெண் தாளோடு வருவார்கள். நோக்கம், செய்முறை, முடிவு, முடிவுரை என்று அதில் கட்டங்கள் இருக்கும். நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் இருந்தால், செய்முறை எங்கே என்று தேடுவார்கள். நீங்கள் அப்போது வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தால் அந்த மதிப்பெண் போய்விடும்.

இரண்டு, வேதியியலில் நம் முக்கியக் கண்டுபிடிப்பு பல நேரம் வாக்கியமாக வராது, படமாகத்தான் வரும். ஒரு வினைத்திட்டம், ஒரு படிக அமைப்பு, அல்லது நம் ப்ராஜெக்டில் 400 நானோமீட்டரில் இறங்கிக்கொண்டே வந்து 300க்கு அருகில் எழும்புகிற அந்த யூவி நிறமாலைக் கோடுகள். அவை ஒரே புள்ளிகளில் வெட்டிக்கொள்வதைப் பார்த்ததுமே, பக்க வினை பெரிதாக இல்லை என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தப் படத்தை ஓரத்தில் கைக்குட்டை அளவில் வைத்துவிட்டு நடுவில் வாக்கியம் போடுவது நமக்குப் பொருந்தாது.

அதனால் நான் செய்வது இரண்டையும் கலந்த ஒன்று. 90 சென்டிமீட்டருக்கு 120 என்று செங்குத்தாக எடுத்துக்கொள்வோம். தலைப்பு, சுருக்கத்தில் கொடுத்த அதே தலைப்பு. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், கண்டுபிடிப்பு: "இலைச் சாறு கூடக் கூட, வெள்ளித் துகள்கள் வேலை தொடங்கத் தாமதமாகிறது." அடுத்து, தாளின் அகலம் முழுக்க இரண்டே படங்கள். ஒன்று, மேலே சொன்ன கோடுகள். இன்னொன்று, சாற்றின் அளவுக்கு எதிராகத் தாமதம். மீதி இடத்தில் கீழே மூன்று சின்னப் பத்திகள். மதிப்பெண் தாளில் உள்ள தலைப்புகள் அங்கே வந்துவிடும்.

எதை விடுவது என்பது எதை வைப்பது என்பதைவிடக் கஷ்டம். எஸ்இஎம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துக்குக் காசு கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கியிருப்போம். மனம் வராது. ஆனாலும் தாமதத்தைப் பற்றிய கதைக்கு அது உதவவில்லை என்றால், கையில் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு கேட்டால் காட்டுங்கள். எஃப்டிஐஆரும் அப்படித்தான். விடவே கூடாத ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுச் சோதனை (கண்ட்ரோல்). வெள்ளித் துகளே 400 முதல் 420 நானோமீட்டர் வாக்கில் ஒளியை உறிஞ்சும். நாம் பின்தொடர்கிற நைட்ரோபீனோலேட்டும் (போரோஹைட்ரைடு கரைசலில் 4-நைட்ரோபீனால் இந்த அயனியாக இருக்கும்) அதே 400இல்தான் உறிஞ்சுகிறது. துகள் மட்டும் இருக்கும் கரைசலின் கோட்டையும் அதே படத்தில் போட்டுவிட்டால், "உங்க பீக் எது, துகளோட பீக் எது?" என்ற கேள்விக்குப் படமே பதில் சொல்லும்.

கோடுகளுக்கு வானவில் நிறம் கொடுக்காதீர்கள். நேரம் ஆக ஆக ஒரே நிறம் அடர்த்தியிலிருந்து வெளிறிப் போகட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. அவர்களில் ஒருவர் உங்கள் நடுவராகவும் வரலாம்.

எதில் செய்வது

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பவர்பாயிண்டில் ஸ்லைடை 56 அங்குலம்வரை (சுமார் 142 சென்டிமீட்டர்) நீட்டலாம், ஏ0 தாளின் நீளம் 118.9 சென்டிமீட்டர் அதற்குள் அடங்கிவிடும். கைடு கடைசி நிமிடத்தில் திருத்தம் சொன்னால் யாருடைய கணினியிலும் திறந்து மாற்றலாம். கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக்ஸ் மென்பொருள் ஏற்கனவே தெரிந்தவர்களுக்கு அதில் வரும் சமன்பாடுகளின் அழகு தனி. ஆனால் போஸ்டருக்காக முதல் முறையாக அதைக் கற்கத் தொடங்காதீர்கள். இங்க்ஸ்கேப் இலவசம், படங்களைச் சீராக்க அருமையானது. நான் படங்களை அதில் முடித்து, தாளைப் பவர்பாயிண்டில் சேர்ப்பேன்.

கவனிக்க வேண்டியது, மூலக்கூறுக் கட்டமைப்புகளை வரையும் கெம்ட்ராவில்தான். நாம் எல்லோரும் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் 1996 அமைப்பில் வரைவோம். அதில் பிணைப்பின் நீளம் 14.4 புள்ளி (பாயிண்ட்), அணுக்களின் எழுத்து 10 புள்ளி. இதழின் பக்கத்துக்கு அது சரி. அதை அப்படியே போஸ்டரில் ஒட்டினால், சுற்றியுள்ள எழுத்து 28இல் இருக்க, கட்டமைப்பு எறும்பு மாதிரி தெரியும். மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும், பக்கத்தைப் பிடித்து இழுத்தால் பென்சீன் வளையம் நசுங்கிவிடும். வேதியியல்காரர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பேப்பர், துணி, ஃப்ளெக்ஸ்

ஃப்ளெக்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், சதுர அடிக் கணக்கில் மலிவு, மழையில் நனைந்தாலும் கவலையில்லை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், மெல்லிய கோடுகள் மங்கலாக வரும், கனம் தாங்காமல் இரட்டைப் பக்க டேப் கழன்று நடுவில் விழும். துணி மடித்துப் பையில் வைக்க வசதி. விமானத்தில் போகிறவர்களுக்கும், இரவு ரயிலில் அன்ரிசர்வ்டில் போகிறவர்களுக்கும் அதுதான் நல்லது. போய் இறங்கியதும் துணியின் கசங்கலை நீவிவிட்டால் போதும். பேப்பரில் கோடு துல்லியமாக வரும், அதற்கு உருளைக் குழாய் ஒன்று வேண்டும், வழியெல்லாம் அதைக் காப்பாற்ற வேண்டும்.

உள்ளூர் கான்ஃபரன்ஸுக்கு மேட் பேப்பர், தூரப் பயணத்துக்குத் துணி. ஃப்ளெக்ஸ்தான் கட்டுப்படியாகும் என்றால் தயங்காமல் அதையே எடுங்கள். கோடுகளின் தடிமனை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். எதில் அடித்தாலும் கடைக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் கணினியில் லாம்டா (λ) என்ற கிரேக்க எழுத்து இருந்த இடத்தில் வெறும் கட்டம் வந்து நிற்கும். அச்சுக்குப் போகும் முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துக் கைநீட்டத் தூரத்தில் வைத்துப் படியுங்கள். அதில் படிக்க முடிந்தது போஸ்டரிலும் படிக்க வரும்.

எல்லாவற்றையும் காட்டுவதா?

நைட்ரோபீனால் ப்ராஜெக்டில் இந்தக் கேள்வி எழாது. ஆனால் உங்கள் லேபில் புதிய மூலக்கூறோ, காப்புரிமைக்குப் போகக்கூடிய செய்முறையோ இருந்தால், சுருக்கம் அனுப்பும் முன்பே கைடிடம் கேட்டாக வேண்டும். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். 1998 அக்டோபரில் தானிய வேதியியலாளர் சங்கத்தின் கூட்டத்தில், சோயா நார் பற்றிய 14 ஸ்லைடுகளைப் பலகையில் ஒட்டி இரண்டரை நாள் வைத்திருந்தார்கள். பிரதி எதுவும் கொடுக்கவில்லை, நூலகத்தில் எதுவும் சேரவில்லை. 2000இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டது. கிளாப்ஃபென்ஸ்டைன் வழக்கு என்று அறியப்படும் அதில், யார் வேண்டுமானாலும் படித்து எழுதிக்கொள்ளும்படி அந்தப் பலகை திறந்து கிடந்ததால் அதுவும் வெளியீடுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் சொல்லிவிட்டது. வெளியிட்ட பிறகும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை அங்கே உண்டு, அவர்கள் அதைத் தாண்டியிருந்தார்கள். இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் கற்றறிந்தோர் சங்கத்தின் முன் படிக்கும் கட்டுரைக்கு 12 மாதச் சலுகை இருக்கிறது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குச் சலுகைக் காலம் கிடையாது. இங்கே தேர்வு இரண்டுதான்: முதலில் விண்ணப்பித்துவிட்டுக் காட்டுவது, அல்லது அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைக் காட்டுவது. "மூலக்கூறு 3" என்று எண் மட்டும் போட்டுக் கட்டமைப்பை மறைக்கும் மூன்றாவது வழியைச் சிலர் எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேதியியல் போஸ்டருக்கு முன் நிற்பவருக்குக் கட்டமைப்பைக் காட்டாவிட்டால் பேச வேறு என்ன இருக்கிறது?

அப்புறம், போஸ்டரின் பிரதியை க்யூஆர் கோடாகக் கொடுப்பதா, ஏ4 தாளாகக் கொடுப்பதா என்று கேட்பார்கள். இரண்டையும் வையுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை. அவற்றைவிட அவசியமானது ஒரு சின்ன நோட்டும் பேனாவும். என் போஸ்டருக்கு முன் நின்ற இன்னொரு பல்கலைக்கழக ஆய்வு மாணவி, "நைட்ரஜன் ஓட்டி, ஆக்ஸிஜனை வெளியேத்திட்டு இதே சோதனையைச் செஞ்சு பாத்தீங்களா? தாமதம் அப்பவும் இருக்கா?" என்று கேட்டார். செய்யவில்லை என்றேன். கேள்வியையும் அவருடைய மெயில் முகவரியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய வாரமே செய்து பார்த்தோம். தாமதம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. மூன்று முறை திரும்பச் செய்து உறுதியான பிறகு, அந்தக் கோட்டை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன்.